கைபேசி கேட்கும் கேள்வி



முகூர்த்த மாதம். பெரணமல்லூரில் தறியில் அமர்ந்திருக்கும் ஒரு தாத்தாவின் கைபேசிக்கு வாட்ஸ்அப்பில் திருமணப் பத்திரிகை வருகிறது என்று கொள்வோம். தொடுகிறார். 'தெரியாத செயலிகளை இந்த வழியாக நிறுவ அனுமதி இல்லை' என்ற கருத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றுகிறது. கீழே 'அமைப்புகள்', 'ரத்து' என்று இரண்டு பொத்தான்கள். தாத்தாவுக்குப் புரிவது ஒன்றுதான்: ரத்து செய்தால் பத்திரிகையைப் பார்க்க முடியாது!

உண்மையில் வந்தது பத்திரிகையே அல்ல. அதன் பெயர் 'ஏபிகே' என்று முடிகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு அது. படம் எதுவும் தன்னை நிறுவச் சொல்லாது. உள்ளே புகுந்த செயலி, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி பெற்றுவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி எண் மோசடிக்காரனுக்குப் போய்விடும். 2024-இல் இமாசலப் பிரதேசக் காவல்துறை இத்தகைய போலிப் பத்திரிகைகளைப் பற்றி மக்களை எச்சரித்தது.

தவறு தாத்தாவுடையதா? இல்லை என்பேன். எச்சரிக்கை பொய் சொல்லவில்லை. அவர் அறிய வேண்டியதைச் சொல்லவில்லை, அவ்வளவே.

விண்டோஸ் கணினியில் 'வெளியீட்டாளர் தெரியவில்லை' என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பொருள் என்ன? மென்பொருளை ஆக்கியவர் அதில் மின்னணுக் கையொப்பம் இடலாம். கோப்பு முழுவதையும் கணித விதிப்படி ஓர் எண்ணாகச் சுருக்கி, தம்மிடம் மட்டும் உள்ள இரகசியத் திறவுகோலால் முத்திரையிடுகிறார். பின்னர் கோப்பில் ஒரு பிட் மாறினாலும் முத்திரை பொருந்தாது. ஆனால் இதில் நமக்குக் கிடைப்பது, இந்தப் பட்டுச் சேலையை நெய்தவர் இன்னார், பிறகு யாரும் கை வைக்கவில்லை என்ற உறுதி மட்டுமே. சாயம் போகுமா என்பதை முத்திரை சொல்லாது. முத்திரை இல்லாததெல்லாம் போலியும் அல்ல. இவ்வளவையும் இரண்டு சொற்களில் அடக்கினால் யாருக்குப் புரியும்?

இன்னொரு சிக்கல், பழக்கம். 2007-இல் பொது விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா சிறு மாற்றங்களுக்கும் அனுமதி கேட்டு மக்களைச் சலிப்படையச் செய்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் கேள்விகளைக் குறைத்தார்கள். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் எச்சரிக்கைகளைக் காட்டியபடியே மூளையை எம்.ஆர்.ஐ. கருவியால் படம்பிடித்தனர். (காந்தப்புலம் எங்கெல்லாம் பயன்படுகிறது பாருங்கள்!) 2015-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அதே எச்சரிக்கை இரண்டாம் முறை வரும்போதே மூளையின் பார்வைப் பகுதியின் செயல்பாடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தறிச் சத்தம் புதிதாக வந்த விருந்தாளிக்குத்தானே கேட்கிறது!

ஆண்ட்ராய்டில் முன்பு ஒரே அனுமதி எல்லா வழிகளையும் திறந்துவிட்டது. 2017-இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே அனுமதி தர வேண்டும். நல்ல மாற்றமே, ஆயினும் வாசகம் இன்னும் தாத்தாவுக்காக எழுதப்படவில்லை.

நீங்கள் எழுதிப் பாருங்கள். ஒரு சீட்டில் இப்போதுள்ள வாசகம். மற்றொன்றில், 'இது பத்திரிகை அல்ல, புதிய செயலி. வாட்ஸ்அப் வழியாக வந்தது. பத்திரிகை என்று நினைத்துத் தொட்டிருந்தால் நீக்கிவிடுங்கள்' என்று எழுதுங்கள். தெருவில் பத்துப் பெரியவர்களிடம், ஆளுக்கு ஒரு சீட்டாகக் காட்டுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆம் என்பார்கள். 'இப்போது எதைத் தொடுவீர்கள்? தொட்டால் என்ன ஆகும்?' என்று கேட்டு, விடையை அவர்கள் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள்.