மண் பாதையில் சைக்கிளா? முள்ளைக் கவனியுங்கள்!

மதுரை செல்லூரில் விடியக் கிளம்பினால் ஒத்தக்கடை, யானைமலை தாண்டி அரிட்டாபட்டி சுமார் 25 கி.மீ. நான்குவழிச் சாலையை விட்டுக் கண்மாய்க்கரை, கிராவல் பாதை என்று இறங்கினால்தான் சுகம். பஞ்சரும் அங்கேதான்.

1. மாற்று டியூப், கைப்பம்பு கட்டாயம். கரை நெடுகச் சீமைக்கருவேல். வயல்காட்டில் பஞ்சர் கடை ஏது?

2. முள் ஏறினால் டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். டயரின் உட்பக்கத்தை விரலால் மெல்லத் தடவுங்கள். ஒடிந்த முனை ரப்பருக்குள் நின்றால் புது டியூபும் போய்விடும். ஊக்கால் நோண்டி எடுத்த பிறகே காற்றடியுங்கள்.

3. கிராவலில் காற்றைச் சற்றுக் குறையுங்கள். கல்மேல் சக்கரம் துள்ளாது.

4. மழைக்கு மறுநாள் கரைப்பாதை வேண்டாம். மட்கார்டில் களிமண் அடைத்துக்கொண்டால் சைக்கிளை நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

5. நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து நடங்கள். ஓடுவதைக் கண்டால்தான் அதற்கு வேகம்.

6. அரிட்டாபட்டியில் சைக்கிளை அடிவாரத்திலேயே நிறுத்துங்கள். சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் குடைவரை எல்லாம் உள்ள இடம். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பாறையில் பெயர் கிறுக்கும் ஆசையுள்ளவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள்.

7. தண்ணீர் இரண்டு பாட்டில் வையுங்கள். கோடையில் ஒன்பது மணிக்குள் பாறையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். அதற்குமேல் பாறைச் சூடு தாங்காது.