பழைய காற்றுத் துப்பாக்கியைச் செம்மைப்படுத்தல்

ஒரு கருவி தளர்ந்தால் அதற்குப் புதுவலிமை ஊட்டவேண்டுமெனப் பலரும் கருதுவர். சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கிக்கு இக்கருத்துப் பொருந்தாது. இழந்த வலிமையை மீட்பதே ஆங்கு நாம் செய்யத்தக்கது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

குழலை மடக்குங்கால் பிஸ்டன் பின்வாங்கிச் சுருள்வில்லை அமுக்குகின்றது. விசையை இழுத்தவுடன் வில் விரிந்து பிஸ்டனை முன்தள்ளும்; அதன் முன்னுள்ள காற்று நெருக்குண்டு, சிறு துவாரத்தின் வழியே பாய்ந்து ரவையை உந்தும். ஆகவே ரவையை நேரே ஓட்டுவது வில்லன்று, காற்றே. 0.5 கிராம் ரவை விநாடிக்கு 170 மீட்டர் வேகத்திற் சென்றால் அதன் சக்தி ஏறக்குறைய 7 ஜூல். காற்றுக் கசிந்து வேகம் 140 மீட்டராகக் குறையின் சக்தி 5 ஜூலாகிவிடும்.

கசிவை அறியும் வழி எளிது. ரவையிட்டு, குழலும் உருளையும் கூடுமிடத்தில் மெல்லிய காகிதத் துண்டொன்றை வைத்து, பின்னே மண்மேடுள்ள இலக்கை நோக்கிச் சுடுக. காகிதம் துள்ளின் ஆங்குள்ள வளையத்தை மாற்றுதல் வேண்டும். பிஸ்டனின் தோல் வாஷர் உலர்ந்திருப்பின், துவாரத்தின் வழியே இரண்டு மூன்று துளி எண்ணெய் விட்டு, துப்பாக்கியை ஓரிரவு நிமிர்த்தி வைக்கத் தோல் மென்மையுறும். எண்ணெய் மிகின், நெருக்குண்ட காற்றின் வெப்பத்தால் அது தீப்பற்றி வெடித்து வில்லுக்கும் வாஷருக்கும் கேடு விளைக்கும். ரவையின்றிச் சுடுதலும் தீது. தடுக்கும் காற்றின்மையால் பிஸ்டன் உருளையின் முகப்பில் மோதும்.

வில் தளர்ந்திருப்பின் அதே அளவினதையே இடுக. வலிய வில்லை இட்டாலும் உருளை கொள்ளும் காற்று மிகுவதில்லை. அதிர்ச்சி மிகுந்து குறி தவறுவதே பயன். அமுக்குண்ட வில் கழற்றுங்கால் பாய்ந்து காயப்படுத்துமாதலின், அப்பணியைத் தக்க கருவியுடைய தொழிலாளியிடமே ஒப்புவித்தல் நலம். சுடுங்கால் துப்பாக்கியை இறுகப் பற்றாது, உள்ளங்கையில் தளரத் தாங்குக. அதன் அதிர்ச்சி ஒவ்வொரு முறையும் ஒரு தன்மைத்தாய் அமையும்.

வலிமையை வேண்டுவோர் அதன் பயனையும் எண்ணுதல் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி 20 ஜூலுக்கு மேற்பட்ட சக்தியோ, 0.177 அங்குலத்திற்கு மேற்பட்ட குழல் விட்டமோ உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். காட்டுப் பறவைகளைச் சுடுவதை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் விலக்குகின்றது. முன்னாளில் ஆங்கிலேயர் படை தங்கிய நம் வாலாஜாபாத்துக்குத் தெற்கே, உத்திரமேரூருக்கு அப்பால் வேடந்தாங்கல் உள்ளது. பட்டாளத்தார் அவ்வேரியின் பறவைகளைச் சுட்டமையால் வருந்திய ஊரார் முறையிட, 1798-இல் கலெக்டர் லயோனெல் பிளேஸ் பறவைகளுக்குக் காப்பளித்தார். தம் வயலுக்கு எருவீயும் பறவைகளை அவ்வூரார் காத்த அறிவு நமக்கும் உரியதன்றோ?

பத்து மீட்டர் தொலைவிலுள்ள காகித இலக்கே பழந்துப்பாக்கிக்கு ஏற்ற களம். ஆங்கு வேண்டப்படுவது வேகமன்று. ஒவ்வொரு ரவையும் முந்தியது சென்றவிடத்தே செல்லுதலாம்.