விற்பனைக் கணக்கும் குத்துச் சண்டை ரசிகனும்

கிழக்கேகோட்டையில் பேருந்து நிலையத்தை விட்டுச் சாலை பஜாருக்குள் நுழையும் வழியில், மாலை வேளைகளில் நாங்கள் தேநீர் அருந்தும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்தவர், எங்களுக்கெல்லாம் 'அண்ணாச்சி'. 2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அமெரிக்காவில் மைக் டைசனும் ஜேக் பாலும் மோதிய குத்துச் சண்டை முடிந்த சில நாளில், நண்பர் இருவர் அக்கடையில் கடும் சொற்போரில் இறங்கினர்.

"ஆறு கோடி வீடுகளில் பார்த்திருக்கிறார்கள். இதற்கு இணையாக எந்தச் சண்டை உண்டு?" என்றார் ஒருவர்.

"அது நெட்பிளிக்ஸ் சந்தாதாரர் எல்லார்க்கும் சும்மா காட்டியது. 2015இல் மேவெதர், பாக்கியாவ் சண்டையை 46 இலட்சம் வீட்டார் தனியே பணம் கட்டியல்லவா பார்த்தார்கள்! அதுவன்றோ கணக்கு!" என்றார் மற்றவர்.

தேநீர் ஆறிப் போயிற்று. நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி, "எல்லாம் சரி தம்பி, அடி எப்படி விழுந்தது என்று இன்னும் ஒருத்தரும் சொல்லவில்லையே?" என்றார்.

சொல்வதற்கு அதிகம் இல்லை என்பதே உண்மை. டைசனுக்கு அப்போது வயது 58, எதிராளிக்கு 27. இரண்டிரண்டு நிமிடமாக எட்டுச் சுற்று நடந்தது. இளையவர் புள்ளிக் கணக்கில் வென்றார். ஆயினும் எங்கள் நண்பர்கள் அந்தச் சண்டையைத் தம் குலப்பெருமை போல் காத்து நின்றார்கள். ரசிகன் ஒருவன் விற்பனைக் கணக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா? வேண்டுமெனில் எந்த அளவுக்கு? அன்றிலிருந்து என் மனத்தை அரித்த கேள்வி இது.

முதலில் இந்தக் கணக்கு எப்படிப் பிறந்தது என்று காண்போம். 1971ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் முகம்மது அலியும் ஜோ பிரேசியரும் மோதியபோது, ஆளுக்கு 25 இலட்சம் டாலர் பேசப்பட்டது. அரங்கில் அமர்ந்தோர் கட்டணத்தால் மட்டும் அத்தொகை தேறுமா? ஊர் ஊராகத் திரையரங்குகளில் கம்பி வழியே படத்தைக் காட்டி, வாயிலில் டிக்கெட்டு விற்றார்கள். பின்னர் கேபிள் இணைப்பு வீட்டுக்குள் வந்தது. திரையரங்கு வாயிலில் நின்ற டிக்கெட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒரு சண்டைக்கு ஒரு கட்டணம். இதுவே 'பே-பர்-வியூ' என்னும் முறை. அந்தப் பணத்தில் கேபிள் நிறுவனத்துக்கு ஒரு பெரும் பங்கு, சண்டையை ஏற்பாடு செய்பவர்க்கு ஒரு பங்கு, ஒப்பந்தப்படி வீரர்க்கு ஒரு பங்கு. பணம் கொடுத்த ரசிகனுக்குக் காட்சி மட்டும்.

இந்தக் 'காட்சி மட்டும்' என்பது நான் விளையாட்டாகச் சொன்னதன்று, நீதிமன்றம் சொன்னது. மேவெதர், பாக்கியாவ் கதையைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

இருவரையும் மோதவிடும் பேச்சு 2009ஆம் ஆண்டின் இறுதியிலேயே நடந்தது. மேவெதருக்கு 32 வயது, பாக்கியாவுக்கு 31. இருவரும் உச்சத்தில் நின்ற காலம். இரத்தப் பரிசோதனை எப்போது, எத்தனை நாள் முன்பு என்பதில் பேச்சு முறிந்தது. பிறகு ஏற்பாட்டாளரிடையே பகை. இருவரும் வெவ்வேறு தொலைக்காட்சி நிறுவனத்தார் பக்கம். ஐந்தாண்டு ஓடிற்று. காத்திருந்த காலமெல்லாம் கணக்கு வளர்ந்தது, கால்கள் தளர்ந்தன. கடைசியில் 2015 மே 2ஆம் நாள் லாஸ் வேகாசில் சண்டை நடந்தபோது வீட்டுக்கு ஏறக்குறைய நூறு டாலர் கட்டணம்; விற்பனை 40 கோடி டாலருக்கு மேல். மேவெதர் விலகி விலகி ஆடிப் புள்ளிகளில் வென்றார். அவருடைய தற்காப்புக் கலையை நுணுகிப் பார்க்கத் தெரிந்தவர்க்கு அதிலும் சுவை உண்டு என்பேன். ஆனால் நூறு டாலர் கொடுத்தவர் பலர் முகம் சுளித்தனர். தமக்கு முன்பே தோளில் காயம் இருந்தது என்று பாக்கியாவ் சண்டை முடிந்த பிறகு சொன்னார். "மறைத்து விற்றுவிட்டார்கள்" என்று பார்த்தவர்கள் வழக்குத் தொடுத்தனர். வழக்குகள் தள்ளுபடியாயின, 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனையே உறுதி செய்தது. நீங்கள் வாங்கியது சண்டையைக் காணும் உரிமை, கண்டும் விட்டீர்கள், எதிர்பார்த்த விறுவிறுப்பு இல்லை என்பதற்கு நட்ட ஈடு கிடையாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அந்த 46 இலட்சத்தைத்தான் நம் நண்பர் தம் வெற்றியாகக் கொண்டாடுகிறார்!

எண்ணிக்கை திறமையின் அளவுகோலும் அன்று. இரண்டாம் பெரிய விற்பனை எது தெரியுமா? 2017இல் மேவெதர், கானர் மெக்கிரெகர் சண்டை, 43 இலட்சம். மெக்கிரெகர் அதற்கு முன் தொழில்முறைக் குத்துச் சண்டை ஒன்றுகூட ஆடியவரல்லர். வேறு வகைச் சண்டையில் பெயர் பெற்றவர். 2023இல் டெரன்சு கிராபோர்டு எரோல் ஸ்பென்சை ஒன்பதாம் சுற்றில் நிறுத்தினாரே, எடைப்பிரிவின் இரு தலைவர்கள் தத்தம் உச்சத்தில் சந்தித்த அருமையான சண்டை, அதன் விற்பனை இதில் கால் பங்கைக்கூட எட்டவில்லை.

அப்படியானால் கணக்கைத் தூக்கி எறிந்துவிடலாமே என்பீர்கள். அதுவும் கூடாது. டைசனை வேடிக்கை பார்க்க வந்த அதே இரவில், அவருக்கு முன்னதாகக் கேட்டி டெய்லரும் அமண்டா செரானோவும் பத்துச் சுற்று மோதினர். கண் இமைக்க விடாத சண்டை அது. ஏறக்குறைய ஐந்து கோடி வீடுகளில் அது ஓடியதாக நெட்பிளிக்ஸ் கூறியது. தனியே விற்றிருந்தால் அவ்விரு பெண்களையும் எத்தனை பேர் பணம் கட்டிப் பார்த்திருப்பார்கள்? கிழவர் கூட்டிய கூட்டம் அவர்களுக்கும் பயன்பட்டது.

நம் பக்கத்துக்கு வருவோம். வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச் சண்டை நடந்த காலத்தில் ரசிகன் டிக்கெட்டு வாங்கி மேடையைச் சுற்றி உட்கார்ந்தான். பரம்பரை வென்றதா, தோற்றதா என்பதே அவன் பேச்சு. வசூல் நடத்துபவர் பாடு. 1980இல் முகம்மது அலியே சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டை ஆடினார். அதைக் கண்டவர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வது அலியின் கால் அசைவைத்தான்.

நாம் நாள்தோறும் நடக்கும் இக்கோட்டையையே பாருங்கள். நவராத்திரியில் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி எழுந்தருள, நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி நடக்கிறது. அங்கே கைதட்டுவதுகூட வழக்கமில்லை. சனவரியில் குதிரைமாளிகையில் சுவாதி சங்கீத விழா. அதற்கும் டிக்கெட்டு இல்லை. புல்தரையில் உட்கார்ந்து கேட்கும் நாம், தோடி எப்படி இருந்தது என்று பேசிக்கொண்டே பழவங்காடி வரை நடக்கிறோம். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பதில்லை. ஆனால் பாடியவர் காற்றை உண்டு வாழ முடியுமா? இங்கே அரண்மனை கொடுத்தது. அதனால் அரண்மனையின் சுவையே மேடை ஏறிற்று. சென்னையில் டிக்கெட்டு வாங்கியவன் கொடுத்தான். அமெரிக்காவில் நாற்காலியில் சாய்ந்திருப்பவன் கொடுக்கிறான். யார் கொடுக்கிறார்களோ அவர்கள் விருப்பப்படியே எதிராளி அமைகிறான். ஆகவே ரசிகன் கேட்க வேண்டியது 'எத்தனை விற்றது?' என்பதன்று, 'இந்த விற்பனையால் எனக்கு எந்தச் சண்டை கிடைத்தது, எது கிடைக்காமல் போயிற்று?' என்பதே.

கிடைக்காமல் போனதற்கு நம் வீட்டிலேயே சான்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டு புது தில்லியில் பெண்கள் உலகக் குத்துச் சண்டைப் போட்டி நடந்தது. இந்தியப் பெண்கள் நான்கு தங்கம் வென்றனர். மேரி கோமை எல்லாரும் அறிவர். 75 கிலோ பிரிவில் வென்றவர் கே. சி. லேகா, இதே கேரளத்தின் கண்ணூர்ப் பெண். பெண்கள் குத்துச் சண்டை ஒலிம்பிக்கில் நுழைந்ததே 2012இல்தான்; உலக வெற்றியின் சூட்டோடு ஏறுவதற்கு அவருக்கு அந்த மேடை இல்லை. அவர் குத்தை விலைபேசி விற்பவரும் இல்லை. 2021இல் அரசு தியான்சந்து விருது அளித்தது, பதினைந்து ஆண்டு கழித்து. நம் நாட்டில் குத்துச் சண்டை வீரர்க்குச் சோறு போடுவது பெரும்பாலும் போலீசு வேலை, இரயில்வே வேலை, டிக்கெட்டு அன்று. அது பாதுகாப்பான சோறுதான். ஆனால் அவர்கள் ஆட்டத்தைக் காண வரிசையில் நிற்கும் பழக்கம் நமக்கு ஏற்படவே இல்லை.

சென்ற வாரம் அதே கடையில் நண்பர் இருவரிடமும் லேகாவின் பெயரைச் சொன்னேன். இருவரும் விழித்தனர். 46 இலட்சம், 43 இலட்சம், ஆறு கோடி என்று மனப்பாடமாய் ஒப்பிக்கும் வாய்கள் அவை. (நானும் அப்பெயரைத் தேடித் தெரிந்துகொண்டு மூன்று மாதந்தான் ஆகிறது, பெருமையடித்துக்கொள்ள எனக்கும் உரிமை இல்லை.)

அண்ணாச்சி மட்டும் பாலை ஆற்றிக்கொண்டே, "எத்தனை கிலோ என்றீர்கள்?" என்று கேட்டார்.

"எழுபத்தைந்து, அண்ணாச்சி."

அவர் எதிர்க்கடையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளை ஒரு கணம் பார்த்தார். "ஒன்றரை மூட்டை! அவ்வளவு கனத்தில் ஓர் ஆள் எதிரே வந்து நின்று குத்தியிருக்கிறது. அதையும் இந்தப் பெண் தாங்கி, திருப்பிக் கொடுத்திருக்கிறாள். சொல்லுங்கள் தம்பி, எந்தக் கையால் குத்துவாள், இடதா வலதா?"