சில்லுமூக்கு உடைஞ்சா அண்ணாந்து பாக்காதீங்க!

போன செமஸ்டர் தேர்வுக்கு முந்தின ராத்திரி, ரூம்மேட்டுக்குத் திடீர்னு மூக்குல ரத்தம். "அண்ணாந்து படுடா"ன்னு சொன்னது நான்தான். கொஞ்ச நேரத்துல ரத்தமா வாந்தி எடுத்தான். ஹாஸ்டலே பதறிப்போச்சு. தொண்டை வழியா வயித்துக்குள்ள இறங்கின மூக்கு ரத்தம்தான் அதுன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சே வந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியில படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

மூக்குக்கு எதுக்கு இவ்வளவு ரத்தம்? உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கித்தான் நுரையீரலுக்கு அனுப்பணும். மெக்கானிக்கல்காரங்க பாஷையில, அது ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர்.

இதுக்கு சப்ளை இரண்டு ஃபீடர்ல இருந்து வருது. கழுத்தில் ஓடும் கரோட்டிட் தமனி உள், வெளி என இரண்டாகப் பிரிகிறது. வெளிக் கரோட்டிடின் கிளை மாக்ஸிலரி தமனி. அதிலிருந்து வரும் ஸ்பீனோபாலடைன் தமனிதான் மூக்கின் பெரும்பகுதிக்கு ரத்தம் தருகிறது, நுழைவது பின்பக்கமாக. கிரேட்டர் பாலடைன் தமனி அண்ணத்தின் வழியாகவும், ஃபேஷியல் தமனியின் கிளை மேலுதட்டு வழியாகவும் வந்து சேரும். உள் கரோட்டிட் கண்ணுக்கு அனுப்பும் ஆஃப்தல்மிக் தமனியில் இருந்து முன், பின் எத்மாய்டல் தமனிகள் மேலிருந்து இறங்கும். பக்கத்து சைனஸ்களுக்கும் பெரும்பாலும் இதே குடும்பம்தான்.

இவை கைகோக்கும் இடம் மூக்கின் நடுச்சுவரின் முன்பகுதி. பெயர் கீசல்பாக் பின்னல். 1879-ல் லிட்டில் என்ற அமெரிக்க மருத்துவர் இதைப் பற்றி எழுதியதால் லிட்டில் பகுதி என்றும் சொல்வாங்க. மெல்லிய சவ்வு, வறண்ட காற்று, நம்ம விரல் எட்டுற தூரம்! சுமார் 90 சதவீத மூக்குக் கசிவு இங்கேதான்.

பின்பக்கம் உடைஞ்சா கதை வேற. அழுத்திப் பிடிக்கவே முடியாது. ஸ்பீனோபாலடைன் தமனியைக் கட்டியோ அடைத்தோ நிறுத்துவாங்க. எத்மாய்டல் தமனியை அப்படி உள்ளிருந்து அடைக்கப் போனா ஆஃப்தல்மிக் தமனியும் அடைபட்டு, பார்வையே போகலாம். அதனால அதை வெளியே இருந்து அறுவை சிகிச்சையில் கட்டுவதுதான் வழக்கம்.

நாம செய்ய வேண்டியது: நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை முன்னால சாய்க்கணும். எலும்பை இல்ல, கீழே இருக்கும் மெத்தென்ற பகுதியை அழுத்திப் பிடிக்கணும். பின்னல் அதுக்குள்ளதான் இருக்கு. வாயால மூச்சு விடணும். வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பிடணும். 10-15 நிமிஷம் கையை எடுக்கவே கூடாது. நடுவுல "நின்னுடுச்சா"ன்னு எட்டிப் பார்த்தா உறையுற ரத்தம் மறுபடி உடையும். அதுக்கப்புறமும் நிக்கலைன்னா, தலையில அடிபட்டு வந்திருந்தா, நேரா ஆஸ்பத்திரி.