கிளையன்ட் பெயரைக் கேட்காதீர்கள்

கேள்வி: பி.காம். படிக்கும் என் மகளுக்குச் சென்னையில் பெரிய கன்சல்டிங் கம்பெனியில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப். என்ன வேலை தருவார்கள்?
– வாசகி, பழங்காநத்தம்

பதில்: முதலாளிகளுக்கு யோசனை சொல்லும் கனவோடு கிளம்புவாள், கையில் கிடைப்பது எக்ஸெல். ஒரே கடையின் பெயர் 'அன் கோ', 'அண்ட் கோ', 'அன்கோ' என்று மூன்று விதமாக இருக்கும். அதைச் சீராக்கவே நாள்கணக்கில் ஆகும். அப்புறம் பவர்பாயின்ட், மேனேஜர் திருத்தித் திருத்தித் திருப்பி அனுப்புவார். சலிப்புதான். ஆனாலும் கணக்கில் ஓட்டை எங்கே என்று பார்க்கும் கண் அங்கேதான் வரும். கிளையன்ட் யாரென்று துருவாதீர்கள். ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

சி.ஏ. எண்ணம் உண்டா? இந்த இரண்டு மாதம் சி.ஏ. பயிற்சியான ஆர்டிகிள்ஷிப்பில் சேராது. அது சி.ஏ. இன்டர்மீடியட் இரண்டு குரூப்பும் முடித்த பிறகு, தனியாக இரண்டு ஆண்டு. 2023 வரை மூன்றாக இருந்தது.

சேர்வதற்கு முன்பணம் கேட்டால் மட்டும் அனுப்பாதீர்கள். பெரிய நிறுவனம் எதுவும் இன்டர்னிடம் பணம் வாங்காது.