பையனுக்கு ஃபார்முலா 4: தோட்டத்தை விற்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. இரண்டு வருஷமாக கோ-கார்ட் ஓட்டுகிறான், சின்னப் போட்டிகளில் இரண்டு கோப்பையும் வாங்கியிருக்கிறான். 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த ஃபார்முலா 4 பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. "அடுத்த சீசனிலேயே சேர்த்துவிடலாம், தேவைப்பட்டால் தோட்டத்தில் கொஞ்சம் விற்றுக்கொள்ளலாம்" என்கிறார் வீட்டுக்காரர். ஒரு சீசன் ஓட்டினால் பையன் தேறுவானா, மாட்டானா என்று தெரிந்துவிடுமா?
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: தெரிந்துவிடும். ஆனால் அதற்காகத் தோட்டத்தில் கை வைக்க வேண்டாம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் இரண்டு 'ஃபார்முலா 4' ஓடுகின்றன. தீவுத்திடலில் உங்கள் மகன் பார்த்தது சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவின் அங்கீகாரம் பெற்ற இந்திய எஃப்4. பிரான்ஸில் செய்த மைகால் கார், 1.3 லிட்டர் டர்போ என்ஜின், முன்னும் பின்னும் இறக்கை. செலவும் அதற்கேற்றபடிதான். இன்னொன்று எல்ஜிபி ஃபார்முலா 4. மாருதி ஸ்விஃப்ட்டின் 1,300 சிசி என்ஜின் பொருத்திய, இங்கேயே உருவான கார். தேசிய சாம்பியன்ஷிப்பில் இருங்காட்டுக்கோட்டையிலும், உங்களுக்குப் பக்கத்தில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓடுகிறது. செலவு அதைவிட வெகு குறைவு. பையன் முதலில் உட்கார வேண்டியது இதில்தான்.

செட்டிபாளையம் டிராக்குக்குப் பெயர் தந்த கரிவரதன், 1980-களிலேயே மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கியவர். கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் அந்தக் காரில் பழகித்தான் 2005-ல் ஃபார்முலா 1 வரை போனார். ஆகவே சிக்கன வழி என்று இதை இளப்பமாக நினைக்க வேண்டாம்.

சீசன் என்பது சில மாதங்களில் பரவிக் கிடக்கும் ஐந்தாறு வார இறுதிகள் (ரவுண்டுகள்). ஒவ்வொன்றிலும் பயிற்சி ஓட்டம், தகுதிச் சுற்று, பிறகு இரண்டு மூன்று பந்தயங்கள். பந்தயம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிரிட்டனின் எஃப்4 தொடரில் ஒரே சீசனில் 30 பந்தயம் வரை நடந்திருக்கிறது; நம் ஊரில் அவ்வளவு வாய்ப்புக் கிடைக்காது. எனவே ஒவ்வொரு லேப்பும் பாடம். தேதிகளும் நகரும். 2023 டிசம்பரில் நடக்க வேண்டிய தீவுத்திடல் பந்தயமே மிக்ஜாம் புயலால்தான் 2024 ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிப்போனது. பொதுத்தேர்வு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

இனி, தேறுவானா என்ற கேள்வி. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார் என்பதால் வித்தியாசம் பெரும்பாலும் ஓட்டுபவரின் காலிலும் கையிலும் இருக்கிறது. ஓட்டம் முடிந்ததும் இன்ஜினியர் மடிக்கணினியில் இரண்டு கோடுகளைக் காட்டுவார்: உங்கள் பையன் பிரேக்கை அழுத்திய விதம், அதே அணியின் வேகமான பையன் அழுத்திய விதம். கார்ட்டிலிருந்து வரும் பையனின் கோடு பெரும்பாலும் தயங்கித் தயங்கி மேடேறும். தேர்ந்தவனுடையது சுவர் மாதிரி ஒரேயடியாக எழும்பி, கார் வளைவுக்குள் போகப் போகச் சரிந்து இறங்கும். காரணம் இருக்கிறது. இந்திய எஃப்4 போல இறக்கை வைத்த கார் வேகமாகப் போகும்போது காற்று அதைத் தரையோடு அமுக்குகிறது; அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்கலாம். வேகம் குறைந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். காலையும் தளர்த்தாவிட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இறக்கையே இல்லாத கார்ட்டில் பழகிய காலுக்கு இது புதுப் பாஷை. முதல் ரவுண்டில் லேப்புக்கு ஒன்றரை விநாடி பின்தங்கியவன் கடைசி ரவுண்டில் அரை விநாடிக்குள் வந்தால், கோப்பை வராவிட்டாலும் அவன் தேறியவன்தான்.

பணம் பற்றி ஒன்று. அணியிடம் நுழைவுக் கட்டணத்தை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். டயர், டெஸ்ட் நாட்கள், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து என்ன ஆகும்? மோதிக் காரின் மூக்குப் பகுதி உடைந்தால் யார் தலையில் விழும்? எழுத்தில் வாங்குங்கள். ஃபார்முலா 1 கனவுக்கும் கணக்கு இருக்கிறது. அங்கே ஓட்டப் பொதுவாக 18 வயதோடு, மூன்று சீசன்களுக்குள் சேர்த்த 40 சூப்பர் லைசென்ஸ் புள்ளிகள் வேண்டும். ஒரு எஃப்4 தொடரில் சாம்பியனே ஆனாலும் கிடைப்பது 12. பாக்கிப் புள்ளிகள் வெளிநாட்டில், கோடிகளில்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 2023-ல் இருங்காட்டுக்கோட்டையில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பைக் பந்தயத்தில் உயிரிழந்தான். இந்திய எஃப்4 காரில் தலைக்கு மேல் ஹேலோ வளையம் உண்டு. ஆனாலும் கழுத்தைக் காக்கும் பட்டை முதல் ஹெல்மெட் வரை எதிலும் பேரம் பேசாதீர்கள்.

ஒரு வருஷம் எல்ஜிபியில் ஓட்டட்டும். சீசன் முடிந்த மாலை, முதல் ரவுண்டின் பிரேக் கோட்டையும் கடைசி ரவுண்டின் கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கையே தொட்டிராதவராக இருந்தாலும், உங்கள் கேள்விக்கான பதில் அதில் உங்கள் கண்ணுக்கே தெரியும்.