ராத்திரி டியூட்டியில் பாம்புக்கடியா?

பெரம்பலூர் சின்ன வெங்காய வயலோ, ஜெயங்கொண்டம் முந்திரிக்காடோ, கடிபட்டவரை முதலில் பார்ப்பது வார்டு நர்ஸ்தான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. கடிவாய் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் தடமும் வீக்கமும் தெரியாமலே போகலாம். பாயில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலி என்று வந்தாலும் சந்தேகப்படுங்கள்.

2. கட்டுப் போட்டு வந்தால் சட்டென்று அவிழ்க்காதீர்கள், டாக்டர் வரட்டும். தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறிவிடும்.

3. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். பிறகு ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். உறையாமல் வழிந்தால் விரியன் (கட்டுவிரியன் அல்ல) விஷம் ஏறியிருக்கலாம். பிளாஸ்டிக் குழாயும் கழுவிய குழாயும் தவறான முடிவு காட்டும்.

4. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லுங்கள்; இமையையும் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தாலோ, இமை சரிந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அடுத்துத் தளர்வது மூச்சுத் தசை.

5. வீக்கத்தின் எல்லையில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். அடுத்த ஷிப்டுக்கு வருபவர் வித்தியாசத்தை உடனே கண்டுகொள்வார்.

6. விஷமுறி மருந்து ஏற்றுமுன் அட்ரினலினைப் பக்கத்தில் எடுத்து வையுங்கள். ஒவ்வாமை சில நிமிடங்களில் வந்துவிடலாம்.

7. குழந்தை என்று விஷமுறி அளவைக் குறைக்க நினைக்காதீர்கள். முறிக்க வேண்டியது விஷத்தை. பாம்பு ஆள் பார்த்து அளந்து கடிப்பதில்லை.